கேரட்டுக்கு ஒரு நீல வலை

மத்திய சிறை, தோட்டப் பிரிவு
8.9.2024

அன்புள்ள அக்கா பச்சையம்மாவுக்கு, தம்பி கருணாகரன் எழுதுவது.

நான் சுகம். குனிந்து நிமிரும்போது மட்டும் முதுகு பிடிக்கிறது. உன் கைப்புண் ஆறியதா? ஐஸ் தண்ணீரில் இறால் உரிக்கும்போது ரப்பர் உறை போட்டுக்கொள் என்று ஐந்து வருடமாகச் சொல்கிறேன். சினேகா எப்படி இருக்கிறாள்?

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்து அவளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள் என்று படித்தேன். எட்டு வயதில் கண்ணாடி. டீச்சர் கேரட் கொடுக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கடைக் கேரட் வாங்காதே. பூச்சிக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பது தோட்ட வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாடியில் இடம் இருக்கிறது. நீயே போடு.

இங்கே கீரை, கத்தரி, முள்ளங்கி போடுகிறோம். கேரட் போட்டதில்லை. ஆனால் சிறை நூலகத்தில் அட்டை கிழிந்த தோட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கேரட்டுக்கு மட்டும் பதினான்கு பக்கம். வேண்டியதை எழுதி அனுப்புகிறேன், அதன்படி செய். அக்டோபரில் விதைத்தால் பொங்கலுக்குப் பிடுங்கலாம். பொங்கலுக்கு ஆறு நாள் விடுப்பு கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் நானும் சினேகாவும் சேர்ந்து பிடுங்குவோம். அவளோடு சேர்ந்து நான் செய்யும் முதல் வேலை அதுவாக இருக்கும்.

எனக்குப் போன் முறை வரும் நேரத்தில் நீ இறால் ஷெட்டில் இருக்கிறாய். ஆகவே கடிதமே போடு.

ஒன்றை மறக்காதே. மதி வந்து கேட்டால் குழந்தையை அனுப்பக் கூடாது. துறைமுக லாரி வரிசையில் நான் ஒருவனைத் தள்ளினேன், அவன் தலையில் அடிபட்டுச் செத்தான், அதற்கு ஏழு வருடத் தண்டனையில் உள்ளே இருக்கிறேன். என் பெண்டாட்டியால் தீர்ப்பு வரும்வரை ஏழு மாதம் கூடப் பொறுத்திருக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை என்று போய்விட்டாள். தீர்ப்பு அன்று போலீஸ் வேனில் ஏறும் முன் உன்னிடம் வாங்கிய சத்தியம் நினைவிருக்கட்டும்.

இப்படிக்கு,
கருணா


திருவொற்றியூர்
22.9.2024

அன்புள்ள தம்பி கருணாவுக்கு,

இங்கு நானும் குழந்தையும் சுகம். கைப்புண் ஆறுகிறது, மறுபடி வருகிறது. முதுகுக்கு அங்கே தைலம் தருவார்களா, எழுது.

காசிமேட்டிலிருந்து மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி மூன்று கொண்டுவந்தேன். ஒரு முழம் ஆழம் இருக்கிறது. உப்பு போக மூன்று நாள் ஊறவைத்துக் கழுவி அடியில் ஓட்டை போட்டேன். வீட்டுக்கார அம்மா ரசூல் பீவி மாடிக்கு வந்து பார்த்து, "இன்னா பச்சை, மாடில மீன் மார்க்கெட் தொறக்கறியா?" என்றார். கேரட் என்றதும், "இந்த மண்ணுல மனுசனே வெளங்கல, கேரட்டு வெளங்கப் போவுதா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவரே ஒரு சாக்கு எரு வாங்கிக் கொடுத்தார்.

விதையைக் கல்மண்டபத்தில் இசக்கிப்பாண்டி கடையில் வாங்கினேன். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர்.

மதி இந்த மாதம் வரவில்லை. போன மாதம் வந்தபோது வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடிதான்.

உன் அக்கா,
பச்சையம்மா

நைனா, அத்த மீன் பொட்டிய மூணு தபா கழுவுச்சு. இன்னும் கவுச்சி அடிக்குது. கேரட்டு மீன் மாரி ஆய்டுமா. கண்ணாடி போட்டா டீச்சரு மூக்குல மச்சம் கீறது தெரியுது. சினேகா, மூணாங்கிளாஸ்.


மத்திய சிறை
4.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தைலம் தருகிறார்கள். நீயும் சினேகாவும் சுகம் என்றறிந்து நிம்மதி. அவள் எழுதியதை இங்கே நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. விதையை நாற்று விட்டு நடக் கூடாது, நேராகப் பெட்டியிலேயே தூவ வேண்டும். தூவிய அன்றே எறும்பு இழுத்துப் போகும். பெட்டியைச் செங்கல் மேல் வைத்துச் சுற்றி மஞ்சள் தூள் போடு. முளைத்ததும் வெட்டுப்புழு ராத்திரியில் தண்டைத் தரையோடு அறுக்கும். காலையில் மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும், எடுத்து நசுக்கு. இலைக்கு அடியில் அசுவினி கூட்டமாக ஒட்டும். வேப்பெண்ணெயில் துளி சோப்பு கரைத்து அடி.

இவற்றை விட மோசமானது ஓர் ஈ. கேரட் வாசனைக்கே வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. வேரடி மண்ணில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்க் கிழங்கைத் துளைத்துத் துருப்பிடித்த மாதிரி ஆக்கிவிடும். மேலே இலை பச்சையாக இருக்கும், பிடுங்கும்போதுதான் தெரியும். அதற்கு மருந்து கிடையாது. வலை போட்டு மூடுவது ஒன்றுதான் வழி. மீன் வலை உதவாது. கொசுவலை மாதிரி சிறு கண்ணாக இருக்க வேண்டும். முளைவிட்டதும் மூடிவிடு.

மதி மறுபடி வந்தால் வாசலில் கூடப் பேசாதே.

கருணா


திருவொற்றியூர்
24.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நானும் குழந்தையும் சுகம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் இரண்டு நாள் லீவு.

விதைத்துப் பத்தாம் நாள் முளைத்துவிட்டது. வெட்டுப்புழு நாலு எடுத்தோம். சினேகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுகிறாள், எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிகிறது. கொடியில் காய்கிற துணியில் படிகிற தொழிற்சாலைக் கரி இலையிலும் படிகிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடுகிறோம்.

வீட்டில் இருக்கிற ஒரே வலை நீல வலைதான். குழந்தையின் கட்டிலிலிருந்து கழற்றி மாடியில் குச்சி நட்டுக் கட்டிவிட்டேன். ஆனால் மழைத் தண்ணீர் கால்வாய்ப் பக்கம் வடியாமல் நிற்கிறது, கொசு அதிகமாக இருக்கிறது. நாலைந்து நாள் போட்டுவிட்டு மறுபடி கட்டிலில் கட்டிவிடலாமா? உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

பச்சையம்மா

நைனா, கேரட்டுக்கு வூடு கட்டிட்டோம். அது உள்ள கீது, நான் வெளில கீறேன். நீ எப்ப வர்ற. ஈ வந்தா நான் அட்ச்சிட்றேன். சினேகா.


மத்திய சிறை
3.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முதுகுவலி தேவலை. உங்கள் நலத்துக்கு எழுது.

பத்து நாளில் முளைத்தது நல்ல முளைப்பு. இரண்டு அங்குல இடைவெளி விட்டு மீதியைக் கிள்ளி எறி. இரக்கப்பட்டு விட்டுவைத்தால் எதுவும் பருக்காது. குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் மருந்து வாடை இருக்கும். வாளியில் பிடித்து இரண்டு மூன்று நாள் திறந்தே வைத்துப் பிறகு ஊற்று.

நீல வலையைப் போட்டது சரியான வேலை. சினேகா பிறந்தபோது நான் வாங்கியது. கண் சிறியது, ஈ நுழையாது. சுற்றிலும் செங்கல் வை. பொங்கல் வரை ஒரு நாளும் கழற்றாதே, ஒரு நாள் போதும் ஈ முட்டை வைக்க. குழந்தைக்குக் கொசுவத்தி கொளுத்தினால் போதும். நாமெல்லாம் வலைக்குள்ளா வளர்ந்தோம்.

விடுப்பு மனு மேலே போயிருக்கிறது.

கருணா


திருவொற்றியூர்
9.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் தாமதமாகிவிட்டது. மழையில் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் அலைச்சல். கேரட் இலை ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ஓரப் பெட்டியில் அசுவினி வந்தது, வேப்பெண்ணெய் அடித்ததும் போய்விட்டது. வலையை நான் கழற்றவில்லை.

சினேகாவுக்குப் பரீட்சை. அதனால் எழுதவில்லை.

பச்சையம்மா


மத்திய சிறை
17.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா?

விடுப்பு கிடைத்துவிட்டது. ஜனவரி 13 காலை வெளியே விடுவார்கள், அன்று மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆறு நாள். சினேகாவிடம் சொல். நான் வருகிறவரை ஒரு கேரட்டைக் கூடப் பிடுங்கக் கூடாது.

ஒன்றரை மாதம் கழித்து எட்டு வரி எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. பரீட்சை என்றால் இரண்டு வரி எழுத முடியாதா? அடுத்த கடிதத்தில் அவள் கையெழுத்து இருக்க வேண்டும்.

அசுவினி போனது என்று சும்மா இருக்காதே. வாரம் ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்.

கருணா


திருவொற்றியூர்
26.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் சுகம். விடுப்பு கிடைத்த செய்தி படித்தேன். ரசூல் பீவியிடமும் சொன்னேன்.

வாரம் ஒரு முறை இல்லை, தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். வேலைக்குப் போய் வந்த பிறகு மாடியிலேயே இருக்கிறேன். மண்ணுக்கு மேலே கேரட்டின் தலை ஆரஞ்சாகத் தெரிகிறது. ஈ ஒன்று கூட வரவில்லை.

நீ வரும்போது கேரட் இருக்கும்.

பச்சையம்மா


திருவொற்றியூர்
3.1.2025

அன்புள்ள தம்பி கருணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். சினேகா நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அவள் இங்கே இல்லை. நவம்பர் 26 முதல் மதியிடம் இருக்கிறாள்.

நவம்பர் 12 அன்று மழை லீவு. மத்தியானம் தூங்கி எழுந்தவளுக்கு உடம்பு கொதித்தது. மாத்திரை கொடுத்துவிட்டு இரண்டு நாள் ஷெட்டுக்குப் போனேன். ரசூல் பீவி பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டன, ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வா என்றார்கள். ஷைனி என்ற நர்ஸ், "அம்மா எங்கே?" என்று கேட்டாள். ஊரில் இல்லை என்றேன். "நீங்க யாரு?" அத்தை என்றேன். "அம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

மதியின் நம்பர் என்னிடம் எப்போதும் இருந்தது. உனக்கு அதைச் சொன்னதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் வந்தாள். கம்பெனி யூனிபார்மோடு ஆறு பேர் கூட வந்தார்கள். எல்லோரும் கையை நீட்டினார்கள். பதினோரு நாள் கட்டிலுக்கு அடியில் தரையில் படுத்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. டிஸ்சார்ஜ் அன்று, "அக்கா, நான் இட்டுகினு போறேன்" என்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாய் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு போய் மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாடியில் தண்ணீர் வாளியைப் பார்த்து ஒரு பெண், "இன்னாக்கா, கொசுவுக்குப் பண்ணையே வெச்சிகீற" என்றாள். உள்ளே புழு நெளிந்தது. கவிழ்த்துவிட்டுப் போனார்கள். கொசு எங்கே கடித்தது, எப்போது கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாளியை நான் துணி கட்டி மூடியிருக்கலாம். குழந்தையின் வலையை எடுத்ததும் நான்தான்.

நீ பொங்கலுக்கு வருவதைப் பற்றி மதியிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும்கா. பொண்ணு அப்பன் எப்ப வரும்னு கேட்டுகினே கீது. நானே இட்டாந்து காட்றேன்" என்றாள். பதின்மூன்றாம் தேதி மாலை குழந்தையைத் திருவொற்றியூருக்குக் கூட்டி வருகிறாள். கேரட்டை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கலாம். நீ அன்று மதியிடம் ஒன்றும் பேச வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும்.

உன் அக்கா,
பச்சையம்மா


மத்திய சிறை
8.1.2025

பச்சையம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

இரண்டு மாதம் என் குழந்தை எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் உனக்கு அசுவினி பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணெதிரே இருந்த குழந்தையைப் பார்க்க உனக்குத் தெரியவில்லை. கேரட்டைப் பார்த்திருக்கிறாய். குழந்தை படுக்கிற வலையை எடுத்துச் செடிக்குப் போடச் சொன்னது யார்? அறிவு வேண்டாமா? கடையில் புது வலை கிடைக்காதா? நான் பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

சத்தியத்தை மீறினாய். நம்பரையும் ஒளித்து வைத்திருந்தாய். அவளுக்கு ஆறு பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்று எனக்கே எழுதுகிறாய்.

அந்தப் பெண்பிள்ளை கூட்டி வந்து காட்டி, நான் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டுமா? குழந்தை இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன். விடுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி யோசிக்கச் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன்.

கருணாகரன்


திருவொற்றியூர்
20.1.2025

அன்புள்ள தம்பி கருணாவுக்கு,

இங்கு நான் சுகம். சினேகா சுகம். மதியும் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது?

எட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் பண்டிகை நெரிசலில் மாட்டிக்கொண்டு பதினேழாம் தேதிதான் என் கைக்கு வந்தது. ஆகவே நீ வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் கும்மிடிப்பூண்டி வண்டியில் மதியும் குழந்தையும் வந்து இறங்கினார்கள். உன் வண்டி எது என்று தெரியாததால் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்தோம். சென்ட்ரல் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வண்டிக்கும் குழந்தை எழுந்து நின்றாள். ஒன்பது வண்டி. "இன்னாமா, கூட்டத்துல நைனாவ வுட்டுட்டமா?" என்று கேட்டாள். மறுநாளும் வந்தார்கள். காணும் பொங்கல் அன்றும் வந்தார்கள். மூன்றாம் தடவை மதி என்னிடம், "போதும்கா. பொண்ணு இன்னா கண்காட்சியா?" என்றாள். அன்று மாடிக்குப் போய் நாங்களே பிடுங்கினோம்.

குழந்தையின் வலையை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறாய். நவம்பர் 3 தேதியிட்ட உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கொசுவத்தி என்று வருகிற வரிக்குக் கீழே பென்சில் கோடு இருக்கிறது. கோடு நான் போட்டது இல்லை. ஆஸ்பத்திரியில் என் பையில் உன் கடிதங்கள் இருந்தன, மதி எடுத்துப் படித்தாள். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்றுதான் குழந்தையைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். போன கடிதத்தில் இதை நான் எழுதவில்லை. பழி என்னோடு இருக்கட்டும், நீ வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்காமலே வலையைத் திரும்பக் கட்டிலில் கட்டியிருக்கலாம். ஐந்து வருடமாக எதையும் உன்னைக் கேட்டே செய்து பழகிவிட்டேன். என் தப்பு அது. அதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்று. டிசம்பரில் விதைக் கடை இசக்கிப்பாண்டியிடம் அந்த ஈயைப் பற்றிக் கேட்டேன். "எந்த ஈயம்மா? அது பனி கொட்டுத ஊர்ல உள்ளதுல்லா. இங்க அடிக்கிற வெக்கையில அது எங்க வரும்? யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். "அது வெள்ளைக்காரன் ஊர்ப் புஸ்தகமா இருக்கும்" என்றார். தெரிந்த பிறகும் நான் வலையை எடுக்கவில்லை. எடுத்து யாருக்குக் கட்டுவது.

இப்போது எடுத்துவிட்டேன். துவைத்துக் காயவைத்து மதியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

நம்பரை நான் ஒளித்து வைத்திருந்ததை நீ குற்றமாக எழுதியிருக்கிறாய். நான் செய்ததில் சரியானது அது ஒன்றுதான். இனி மதி இங்கே வரும்போது வாசலில் நிற்க மாட்டாள். கேரட் பெட்டியில் அடுத்து என்ன போட வேண்டும் என்று எழுத வேண்டாம். பெட்டியைத் திரும்ப மீன்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

சினேகா உனக்கு எழுத வேண்டும் என்றாள். அவளுக்கு நீ வராத காரணம் தெரியாது. மதியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சென்ட்ரல் வரை வர உனக்கு பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீ பதில் போட்டால் அதையே எழுது.

பச்சையம்மா

நைனா, உனக்கு பஸ்ஸு கெடைக்கலன்னு அம்மா சொல்ச்சு. நான் உனக்கு ரெண்டு கேரட்டு எட்த்து வெச்சேன். வாடிப் போச்சு. மொத்தம் இருவத்தி மூணு. நான் கண்ணாடி போட்டுகினு எல்லாத்தையும் பாத்தேன். ஒண்ணுல கூட பூச்சி இல்ல. சினேகா.